அடைமழைக்கு எது துணை: கூடுதல் பேட்டரியா, ஜெனரேட்டரா?

ஈ.பி. லைன் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு சோலார் போடப் போகிறவரிடம் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு பேக்கப் வேணும்?" என்பதுதான். மூன்று நாள் என்று பதில் வந்தால் அதற்கேற்ப பேட்டரியை அடுக்கிவிடுவார். அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டிய இடமே வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியிலும் கடற்கரையிலும் ஆண்டின் பெரும்பகுதி வெயில் மிச்சம். தட்டுப்பாடு வருவது வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதிலும் தாழ்வு மண்டலம் நிலைகொள்ளும் சில நாட்களில். வால்பாறை, கூடலூர் பக்கம் என்றால் இதே கதை ஜூன் மாதமே தொடங்கிவிடும். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் வரும் இந்த இருட்டைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு: பேட்டரியைப் பெருக்கலாம், பேனலைக் கூட்டலாம், ஜெனரேட்டர் வைக்கலாம். பலரும் முதலில் பேட்டரிக்குத்தான் போகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபிரிட்ஜ், நாலைந்து ஃபேன், விளக்குகள், டிவி, மிக்ஸி, கொஞ்ச நேரம் ஓடும் அரை ஹெச்.பி. மோட்டார் என்று நாளுக்கு 5 யூனிட் செலவாகும் வீடு. மூன்று நாளுக்கு 15 யூனிட். டியூபுலர் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால்தான் அது நீண்ட நாள் உழைக்கும் என்பதால், 30 யூனிட் கொள்ளளவு தேவை. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று 1.8 யூனிட் கொள்ளும். ஆக பதினேழு பேட்டரியாவது வேண்டும், ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல் எடை. இடமும் பணமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மழை விட்ட மறுநாள்தான் சிக்கல் தொடங்குகிறது. 2 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 8 யூனிட் தரும். அதில் 5 வீட்டுக்குப் போய்விட்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது 3. காலியான 15 யூனிட்டை நிரப்ப, இழப்பையும் சேர்த்தால், ஒரு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த தாழ்வு மண்டலம் வந்து நிற்கும். இப்படி வாரக்கணக்கில் அரைகுறைச் சார்ஜில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகும், பிறகு சார்ஜ் ஏறாது. மூன்று நாள் பாதுகாப்புக்கென்று வாங்கிய பேட்டரியை அந்த மூன்று நாளே கெடுத்துவிடும். வரத்துக் கால்வாய் வாய்க்கால் அளவே இருக்க, ஏரியை மட்டும் ஆழமாக வெட்டின கதைதான்.

ஆகவே வரத்தை முதலில் பார்க்க வேண்டும். அடர்ந்த மேகத்திலும் பேனல் முழுக்க ஓய்ந்துவிடுவதில்லை. வழக்கமானதில் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ வரும். 2 கிலோவாட்டை 4 ஆக்கினால் இருண்ட நாளில்கூட ஒன்றரை முதல் மூன்று யூனிட் வரை கிடைக்கலாம், வெயில் வந்ததும் பேட்டரி ஒன்றிரண்டு நாளிலேயே நிரம்பிவிடும். பேனல் விலை இறங்கியிருக்கும் இந்தக் காலத்தில் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது. மிச்சமிருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் ஜெனரேட்டர். பெரிய அளவில் திட்டமிடுபவர்களும் இப்படித்தான் போகிறார்கள். யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியுடன் கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 யூனிட் பேட்டரி, அவற்றோடு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரங்கள். மொத்தப் பேட்டரியில் அடங்குவது அந்த டீசல் இயந்திரங்கள் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்தில் தரும் மின்சாரத்துக்கும் சற்றுக் குறைவு. பேட்டரியை இரவுக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் வைத்துவிட்டு, நீண்ட வறட்சியை டீசலிடம் விட்டிருக்கிறார்கள்.

ஜெனரேட்டர் என்று முடிவானதும் அதைத் தனியாக வாங்கி மூலையில் போடக் கூடாது. எந்த பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றப் போகிறது என்பதோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி கொண்ட 48 வோல்ட் அமைப்பைப் பாருங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர், அதற்குச் சரியான சார்ஜ் வேகம். ஏறத்தாழ 800 வாட். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரை இதில் மாட்டினால் அது கால்வாசிச் சுமைகூட இல்லாமல் மணிக்கணக்கில் உறுமிக்கொண்டிருக்கும். டீசல் வீண், குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் இன்ஜினில் எரியாத எண்ணெயும் கரியும் படியும். போதாக்குறைக்கு ஈய பேட்டரியின் கடைசி 20 சதவீதம் மெல்ல மெல்லத்தான் ஏறும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் நிலைமை வேறு. 5 யூனிட் பேக் இரண்டு இருந்தால் 60 ஆம்பியர் தாராளமாக வாங்கும், ஏறத்தாழ 3 கிலோவாட். அதே ஜெனரேட்டர் இப்போது நல்ல சுமையில் இரண்டு மணி நேரம் ஓடி, ஒரு நாளின் தேவையை ஏற்றிவிட்டு நின்றுவிடும். லித்தியத்தின் ஆயுளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஜெனரேட்டர் வைப்பவருக்கு இந்த வேகம்தான் பெரிய லாபம்.

எப்போது ஓட்டுவது என்பதும் பேட்டரியைப் பொறுத்து மாறுகிறது. ஈய பேட்டரிக்கு விடிகாலை நல்லது: வேகமாக ஏறும் பகுதியை ஜெனரேட்டர் முடிக்க, மெதுவாக ஏறும் மிச்சத்தைப் பகல் வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். லித்தியத்துக்கு முழுச் சார்ஜ் ஒவ்வொரு நாளும் தேவையில்லை. சாயங்காலம் மீட்டரைப் பார்த்து, இரவு தாண்டாது என்றால் மட்டும் ஓட்டி 60 சதவீதத்தில் நிறுத்திவிடலாம். நாளைய வெயிலுக்கு இடம் வேண்டுமே. மோட்டார் போடுவதையும் மாவு அரைப்பதையும் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கே வைத்துக்கொள்ளலாம். ஆனால் லித்தியத்தில் வோல்டேஜைப் பார்த்துச் சார்ஜைச் சொல்ல முடியாது. 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ்தான் காட்டும். உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டர் கட்டாயம். ஈய பேட்டரிக்கு நூறு இருநூறு ரூபாய் ஹைட்ரோமீட்டரே போதும், அதுவும் பொய் சொல்லாது.

புகையும் சத்தமும் வேண்டாம் என்றுதானே சோலார், பிறகு எதற்கு டீசல் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிறிய ஜெனரேட்டர் தரும் மின்சாரம் யூனிட்டுக்கு 50 ரூபாயை நெருங்கும், தினமும் ஓட்டினால் கட்டுப்படியாகாது. பதினைந்து நாள் ஓட்டினால் 75 யூனிட், ஆண்டுக்கு 4,000 ரூபாய்க்குள் முடியும். அந்தப் பதினைந்து நாளுக்காக இன்னும் இரண்டு லித்தியம் பேக் வாங்கினால் லட்ச ரூபாய்க்கு மேல் போகும், ஆண்டின் மற்ற நாட்களில் அவை சும்மா கிடக்கும். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: டியூபுலர் எந்த ஊரிலும் கிடைக்கும், உள்ளூர் மெக்கானிக்குக்கே கைவரும், லித்தியத்தில் பேட்டரியைக் கட்டுப்படுத்தும் பி.எம்.எஸ். போர்டு போனால் கம்பெனிக்காரன் வரும்வரை இருட்டுதான். அதனால்தான் விளக்கும் ஃபேனுமாக நாளுக்கு ஒரு யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு, வாரம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் பார்க்க ஆள் இருந்தால், நான் டியூபுலரையே சொல்வேன். அங்கே ஜெனரேட்டரும் தேவைப்படாது, ஒரு பேனலைக் கூடுதலாகப் போட்டால் போதும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் வந்த பிறகுதான் தராசு லித்தியம், ஜெனரேட்டர் ஜோடியின் பக்கம் சாய்கிறது.

வாங்குமுன் இன்வெர்ட்டரைப் பற்றி ஒன்று விசாரிக்க வேண்டும். சிறிய ஜெனரேட்டரின் வோல்டேஜும் அதிர்வெண்ணும் அலைபாயும்; பல இன்வெர்ட்டர்கள் அதை ஏற்காமல் தள்ளிவிடும். அகன்ற வோல்டேஜ் வரம்பை ஏற்கும் அமைப்பும், சார்ஜ் ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் ஜெனரேட்டரை மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ ஓட்டவே கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆண்டு முழுக்கத் தொடாமல் கிடந்த இன்ஜின், சரியாகப் புயல் நாளில்தான் ஸ்டார்ட் ஆக மறுக்கும். மாதம் ஒருமுறை, சும்மா ஓடவிடாமல் பேட்டரி சார்ஜில் போட்டு, அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஆயிலையும் ஸ்டார்ட்டர் பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.