தடவு

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. மார்கழி மழையில் வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கினால் மின்விசிறியை நிறுத்துவோம், அவ்வளவுதான். லண்டனில் படிக்கும் தம்பி, குளிருக்கு முன்பே அறை ஹீட்டரைச் சரிபார்த்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான். "தமிழில் அதுக்கு என்னடா பேரு?" என்று அம்மா கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

விடை பத்துப்பாட்டில் இருந்தது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. ஐப்பசி, கார்த்திகை ஆகிய கூதிர்காலத்துக்கு ஊரார் வீட்டை எப்படி மாற்றுகிறார்கள் என்பதை அதில் காணலாம். விசிறிகளைச் சுருக்கித் தொங்கவிடுகிறார்கள். அவற்றில் சிலந்தி நூல் பின்னுகிறது. தென்றலுக்காக மாடியில் வைத்த சாளரங்களைத் தாழிடுகிறார்கள். குறுகிய வாயுள்ள கரகத்தின் குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுள்ள நெருப்புச் சட்டியில் குளிர்காய்கிறார்கள். அந்தச் சட்டியின் பெயர்தான் 'தடவு'.

இத்தனை ஏற்பாடு இருந்தும் பாட்டின் அரசிக்கு ஆறுதல் இல்லை. கணவன் பாசறையில் இருக்கிறான்.

மறுநாள் மாலை தேக்காவில் காய்கறி வாங்கும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். நடைபாதையில் நின்றபடியே தம்பியை அழைத்தார்.

"தடவு வேலை செய்யுதாப்பா?" என்றார். அவன் சிரித்திருக்க வேண்டும். அம்மா சிரிக்கவில்லை. "சரி, எப்ப வர்றே?" என்று கேட்டார்.