காதைப் பார், பிறகு தொடையைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

திண்டிவனத்துப் பக்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு போன செம்மறி மந்தையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சித்தப்பா, யாருது எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தாய். அது மெட்ராஸ் சிவப்பு இனம். விழுப்புரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஆடு. உடம்பெல்லாம் செம்பழுப்பு, சிலதுக்கு மட்டும் நெற்றியில் வெள்ளை. நாலு வீட்டு ஆடு ஒரே பட்டியில் அடைந்தால் நிறம் உதவாது.

அதனால் காதைப் பார். குட்டியிலேயே ஓரத்தில் வெட்டு போட்டுவிடுவார்கள். வலக் காதா இடக் காதா, நுனியா ஓரமா, ஒரு வெட்டா இரண்டா என்பதில் குடும்பம் தெரிந்துவிடும். சாயம் பூசுவதும் உண்டு, ஆனால் நாளடைவில் மங்கிவிடும்.

மாட்டில்தான் சிக்கல். தொடையில் சூட்டுத் தழும்பைக் கண்டதும் உடையவர் குறி என்று முடிவு கட்டிவிடாதே. நொண்டினாலும் வீங்கினாலும் சூட்டுக்கோலைக் காய்ச்சி இழுப்பது நம்மூர்ப் பழைய வைத்தியம். மூட்டைச் சுற்றிக் கோடு கோடாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். (அது மாட்டுக்கு வலியைத் தவிர வேறென்ன தந்தது என்று எனக்குச் சந்தேகம், கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போவதே மேல்.) உடையவர் குறியோ ஒரே இடத்தில், ஒரே உருவில், மந்தையின் பல மாடுகளில் இருக்கும். ஒற்றை மாட்டைப் பார்த்துக் குறி படிக்க முடியாது, மந்தையையே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் சூட்டுக்குறியை அரசு அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே என்று அதைப் படிக்க முறை உண்டு. குறியில் உள்ள எழுத்து படுத்திருந்தால் 'சோம்பேறி', அடியில் வளைவு இருந்தால் 'ஆடும்' என்று சேர்த்துச் சொல்வார்கள். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டே பழகுகிறார்கள்.

பதிவேடு நமக்கும் பழசுதான். மாட்டின் சூட்டுக்குறி, இயற்கை அடையாளம், நிறம், கொம்பின் வேறுபாடு எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். சோழர் காலத்திலோ, கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுப்பது வழக்கம். அவை 'சாவா மூவாப் பேராடு'. எது செத்தாலும் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். எந்த ஆடு என்ற கேள்வியே அங்கே இல்லை.

இப்போது காதில் தொங்கும் மஞ்சள் வில்லை இதற்கு நேர் எதிர். கோமாரித் தடுப்பூசிக்காக 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தோடு பரவலாகிவிட்டது. அதிலுள்ள 12 இலக்கம் இது எந்த மாடு என்று சொல்லும்; யாருடையது என்பது கணினியில் இருக்கும். விற்றாலும் வில்லை மாறாது, பதிவில் உடையவர் பெயரைத்தான் மாற்ற வேண்டும். வெட்டுக் காதை ஆட்டுக்காரர் தூரத்திலிருந்தே படிப்பார். வில்லையைப் படிக்கக் கையில் செல்போன் வேண்டும்.

அடுத்த லீவுக்கு வரும்போது நோட்டு கொண்டு வா. சாயங்காலம் மந்தை பிரியும் நேரத்தில் ஆட்டுக்காரரிடம் போகலாம். ஆட்டை முழுசாக வரையாதே. இரண்டு காதை மட்டும் வரைந்து, வெட்டைக் குறித்து, எந்த வீடு என்று பக்கத்தில் எழுது. தெரியாததை அவரிடமே கேள், ஆனால் ஆடு எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதே.

அன்புடன்,
சித்தப்பா