பெப்பேயின் கிழங்கும் சான் ரோக்கேயின் நாயும்

அன்பு மருமகள் நிலாவுக்கு,

நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். ஸ்பானியம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, மூன்று சோகப் புலிகள் கோதுமை வயலில் கோதுமை விழுங்கும் அந்த நாநெகிழ் தொடரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். உன் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வேகம்தான் கவலை தருகிறது. வேகம் கூடியதும் நாக்கு தனக்குப் பழகிய ஒலிக்கே ஓடிவிடும். இப்போது தவறாகப் படிந்தால் பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு.

புலிகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. எல்லோருக்கும் முதலில் அவற்றைத்தான் கொடுப்பார்கள். கியூபாவின் கபிரேரா இன்ஃபாந்தே 1967-இல் வெளிவந்த தம் நாவலுக்கு அந்தத் தொடரின் முதல் மூன்று சொற்களையே தலைப்பாக வைத்தார். அவ்வளவு புகழ் அதற்கு. ஆனால் தமிழ் பேசும் நாக்குக்கு முதல் பாடம் வேறு. நீ பெப்பேயிடம் போ.

பெப்பே பெக்காஸ் என்பவன் உருளைக்கிழங்கைக் கொத்துகிறான்: 'பெபே பெகாஸ் பிகா பாபாஸ் கோன் ஊன் பீகோ'. குழந்தைகள் சொல்வது. ஆனால் நம் பெரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது. தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைப் பகரம் வந்தால் மெலிந்துவிடும், 'அபாயம்' போல. வல்லொலியாக வேண்டுமென்றால் 'அப்பா' என்று இரட்டிக்க வேண்டும். ஸ்பானியத்துக்கு வேண்டியது ஒற்றையாகவும் வல்லொலியாகவும் நிற்கும் பகரம். நாம் நினைக்காமலே 'பெப்பே பெக்காஸ் பிக்கா' என்று அழுத்திவிடுவோம். நானே மேலே தமிழ் வழக்கப்படி 'பெப்பே' என்றுதான் எழுதியிருக்கிறேன். உதடு ஒருமுறை தொட்டதும் விலகட்டும், அங்கே தங்கக் கூடாது. மெதுவாக, அசை அசையாகச் சொல். இது சரியானால் பூனை, வாய் ஆகியவற்றுக்கான ஸ்பானியச் சொற்கள் போல நூறு சொற்கள் தாமாகவே சரியாகும். உன் நோட்டில் இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதாதே. நான் கடிதத்துக்காக எழுதுகிறேன். உனக்கு அந்த எழுத்தே தமிழ் ஒலியை நினைவூட்டிவிடும்.

பிறகு புலிகளிடம் வா. அங்கே உனக்கு வேண்டியது நம் 'த'. நாக்கு நுனி மேற்பல்லைத் தொட வேண்டும். நீ ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பதால் 'ட்ரெஸ்' என்கிறாய். 'த்ரெஸ்' என்று தமிழ்ப் பெண்ணாகவே சொல், மாத்ரிதில் சரியாக ஒலிக்கும். நெடிலாக இழுப்பதையும் விடு. ஸ்பானியத்தில் உயிர்கள் ஐந்துதான், குறில் நெடில் வேறுபாடு கிடையாது.

சான் ரோக்கேயின் நாய்தான் எனக்குப் பிடித்தது. கொள்ளைநோயிலிருந்து காப்பவர் என்று வணங்கப்படும் புனிதர் அவர். ஸ்பெயின் தேவாலயங்களில் அவர் சிலையருகே ஒரு நாய் நிற்கும். தொடரில் அந்த நாய்க்கு வாலில்லை. ராமோன் ராமிரெஸ் வெட்டிவிட்டானாம். அதில் உருட்டும் ரகரம் திரும்பத் திரும்ப வரும். 'பெரோ' என்று ஒருமுறை தட்டினால் 'ஆனால்'. உருட்டினால் 'நாய்'. சொல்லின் தொடக்கத்தில் வரும் ரகரத்தையும் உருட்ட வேண்டும், ராமோனில் போல. உன் ஆச்சி நாகர்கோவில்காரர்; கரியையும் கறியையும் பிரித்துச் சொல்வதை நீ கேட்டிருப்பாய். சென்னையில் வளர்ந்த உனக்கு அது தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். 'நன்றி' என்று சொல்லி, 'ற' வரும் இடத்தில் மூச்சைத் தொடர்ந்து வெளியே தள்ளு. நாக்கின் ஓரங்கள் கடைவாய்ப்பற்களில் பதியட்டும், நுனி தளர்ந்திருக்கட்டும். நுனியை நீ ஆட்ட முடியாது, காற்றுதான் ஆட்டும். ஸ்பானியக் குழந்தைகளே கடைசியாகக் கற்கும் ஒலிகளில் இது ஒன்று. வராவிட்டால் மனம் தளராதே, நாளைக்கு மறுபடி முயற்சி செய்.

அதே தொடரின் முடிவில் 'லோ' என்ற சொல்லும் 'ஆ' என்ற சொல்லும் அடுத்தடுத்து வரும். நம் வாய் நடுவில் ஒரு வகரத்தை வைத்து 'லோவா' என்னும். பள்ளியில் படித்தாயே, உடம்படுமெய், அதுதான். ஸ்பானியத்தில் இரண்டு உயிரும் இடைவெளியின்றி ஒன்றில் ஒன்று வழுக்க வேண்டும். கடைசிச் சொல்லான 'கோர்தாதோ'வில் உனக்கு ஒரு பரிசு இருக்கிறது: அதன் கடைசித் தகரம் 'அது' என்பதில் வருவதைப் போல மெலிந்தது. ஆங்கிலேயர் பாடுபட்டுக் கற்பதை நீ பிறவியிலேயே கொண்டுவந்திருக்கிறாய்.

வழுக்கைத் தலையில் ஆணியடிக்கும் பப்லீத்தோ என்பவனின் தொடரை அழுத்தத்துக்காக வைத்துக்கொள். 'கிளாவோ'வில் முன்னசையை அழுத்தினால் ஆணி. பின்னசையை அழுத்தினால் 'அடித்தான்'. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நம் காது அதைத் தவறவிடும். உயிரெழுத்தின் மேலுள்ள கோட்டை அலங்காரம் என்று எண்ணாதே. அது எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்கிறது.

ராமிரெஸின் கடைசி எழுத்தை ஸ்பெயினின் பெரும்பகுதியில் பல்லிடையே நாக்கு வைத்துச் சொல்வார்கள்; லத்தீன் அமெரிக்காவில் வெறும் ஸகரம். இரண்டும் சரியே. உன் ஆசிரியை மெக்சிகோக்காரர் என்றாய், அவர் சொல்வதையே பிடித்துக்கொள், இரண்டையும் கலக்காதே. ஒரு வாரத்துக்கு ஒரு தொடர் போதும்.

அன்புடன்,
அத்தை