ஆயில் எஞ்சினை வீட்டிலேயே புதுப்பித்தல்

வேப்பந்தட்டைத் தாலுகாவின் கரிசல் நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் மழையை நம்பி விளைகின்றன. சின்ன வெங்காயமோ கிணற்றை நம்பிய பயிர். காய் பருக்கும் தருணத்தில் ஒரு தண்ணீர் தவறினாலும் மகசூல் குன்றும். மின் மோட்டார்கள் பெருகிய இக்காலத்தும், மின் இணைப்பில்லாத கிணறுகளுக்கு டீசல் எஞ்சினே துணையாகும். அது இழுக்காமற் போனால், குடியானவர்களுள் சிலர் ஆராயாமலே புது ரிங்கு வாங்கிப் போடுகின்றனர். சிலர் பழைய இரும்பாக விற்றுவிடுகின்றனர். அளந்தறிந்து வேலை செய்தால் இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கலாம்.

எஞ்சினின் இயல்பு

சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினால் கிணற்று நீர் இறைக்கும் முறையை 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் பரப்பினார். இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் கம்பெனியார் 1929-இல் வெளியிட்ட மெதுவேக டீசல் எஞ்சினின் மாதிரியைப் பின்பற்றி ராஜ்கோட் முதலிய ஊர்களிற் செய்யப்பட்ட எஞ்சின்கள் பின்னர் நாடெங்கும் பரவின. அவற்றுள் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 650 சுற்றுச் சுற்றி, 6 குதிரைச் சக்தி தரும். சிலிண்டரின் உள்விட்டம் ஏறக்குறைய 114 மில்லிமீட்டர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது பிறக்கும் கடும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகையால் அழுத்தம் கசிந்தால் எஞ்சின் எளிதிற் கிளம்பாது, கிளம்பினாலும் இழுக்காது.

குற்றம் அறிதல்

கிராங்கு பெட்டியின் மூச்சுக்குழாய் வழியே புகை மிகுதியாக வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்தன எனக் கருதலாம். கையாற் சுற்றும்போது காற்று உட்புகும் வழியிலோ புகைக்குழாயிலோ சீறல் கேட்டால் கசிவது வால்வு. நீலப்புகை மசகெண்ணெய் எரிவதையும், கரும்புகை காற்றுக் குறைவையோ அதிகச் சுமையையோ நாஸில் கெட்டதையோ காட்டும்.

அளந்து பார்த்தல்

இதற்கு ஃபீலர் கேஜ் ஒன்றே போதும். ஒரு புது ரிங்கைத் தனியே லைனருக்குள் இட்டு, பிஸ்டனால் தள்ளிச் சமமாக நிறுத்துக. முதலில் தேயாத அடிப்பாகத்திலும், பின்னர் மேல் ரிங்கு வந்து நிற்கும் இடத்திலும் ரிங்கின் வாய் இடைவெளியை அளக்க. இவ்விரண்டின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்திலுள்ள தேய்மானம் கிடைக்கும்.

உதாரணமாக, கீழே 0.50 மில்லிமீட்டரும் மேலே 1.80 மில்லிமீட்டரும் இருந்தால் வித்தியாசம் 1.30; தேய்மானம் சுமார் 0.41 மில்லிமீட்டர். இத்தகைய லைனரில் புது ரிங்கு மட்டும் போடுவது வீண் செலவு. லைனரையும் மாற்றியே ஆக வேண்டும். தேய்மானம் சொற்பமாயின், தயாரித்தவரின் கைப்புத்தகம் கூறும் எல்லையோடு ஒப்பிட்டு முடிவு செய்க.

பூட்டும் முறை

கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்திற்கும் அடையாளம் இடுக. வால்வுகளை அரைப்புப் பசையிட்டு இருக்கையோடு தேய்த்தபின், துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் கசியலாகாது. பூட்டியபின் பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் ஹெட்டிற்கும் உள்ள இடைவெளியை, நடுவே ஈயக்கம்பி வைத்துக் கையாற் சுற்றி, நசுங்கிய கனத்தைக் கொண்டு அறிக. இது கைப்புத்தக அளவில் இல்லையேல் அழுத்தமும் தவறும்.

எண்ணெய்ப் பம்பையும் நாஸிலையும் வீட்டிற் பிரித்தல் ஆகாது. அவை மிக நுண்ணிய அளவிற் பொருந்தியவை. சிறு தூசும் கெடுத்துவிடும். சோதனைக் கருவியுள்ள பட்டறையில் கொடுக்க. நாஸிலினின்று பீறிடும் எண்ணெயின் எதிரே ஒருபோதும் கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உட்புகும்.

புதுப்பித்த எஞ்சினை முதலில் இலேசான சுமையிலும், படிப்படியாக முழுச் சுமையிலும் ஓட்டுக. சுமையின்றி நெடுநேரம் ஓட்டினால் லைனர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, ரிங்கு பதியாது. முதல் மசகெண்ணெயைச் சீக்கிரமே மாற்றுக.

மேம்படுத்துவது எங்ஙனம்?

அதிக நீர் வேண்டி வேகத்தைக் கூட்டுவோர் உளர். 650 சுற்றை 800 ஆக்கினால் பாகங்களின் மேல் விழும் விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அதே விகிதத்தில் வேகம் கூடும் பம்பு கேட்கும் சக்தியோ சுமார் 1.9 மடங்கு. 6 குதிரைச் சக்தி எஞ்சின் இதனைத் தாங்குமா? வார்ப்பிரும்புச் சக்கரம் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. உண்மையான மேம்பாடு வேறிடங்களில் உள்ளது.

முதலாவது, காற்று வடிகட்டி. கரிசற் புழுதியைப் போல் ரிங்கை அரைக்கும் சாணைக்கல் வேறில்லை.

இரண்டாவது, குளிர்ச்சி. கிணற்று நீரை முழுவதும் எஞ்சினுள் பாயவிட்டால் அது மிகவும் குளிர்ந்து, எண்ணெய் முற்றும் எரியாமல் லைனரின் மசகை அலசிவிடும். ஈரம் படிந்து அரிக்கும். கந்தகம் மிகக் குறைந்த டீசல் 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படினும் இத்தீமை முற்றும் நீங்கவில்லை. வால்வினால் நீரைக் குறைத்து, வெளிவரும் நீர் சுமார் 60 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் இருக்குமாறு செய்க.

மூன்றாவது, குழாய். இரண்டரை அங்குலக் குழாய்க்குப் பதில் மூன்று அங்குலம் இட்டால், அதே நீருக்கு உராய்வு நஷ்டம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். தடையில்லாத புட் வால்வும் இவ்வாறே டீசலை மிச்சப்படுத்தும். 1978-இல் அமைந்த பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகமும் இச்சீர்திருத்தத்தையே வற்புறுத்தி வந்துள்ளது.

வெங்காயம் நடுவதற்கு முன்னரே, வேலை ஓய்ந்த நாட்களில் இப்பரிசோதனையை முடித்துக்கொள்வது உசிதம். பயிர் வாடும்போது எஞ்சினைப் பிரித்தால், அளக்கவும் யோசிக்கவும் அவகாசம் இராது.