சாவி கைக்கு வரும்வரை பணம் யார் கையில்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

முழு ஆண்டுத் தேர்வு முடியும் நாட்களில், தூத்துக்குடிக் கடற்கரையிலுள்ள சாகுபுரம் குடியிருப்பின் மாலைப் பேச்சு பயணத்தின் பக்கம் திரும்பிவிடும். முன்பு குற்றாலம், கொடைக்கானல். இப்போது கொழும்பு, துபாய், சிங்கப்பூர். ஐந்து பேர் உள்ள குடும்பம் ஓட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட, அடுப்படியோடு ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்தால் கட்டுப்படியாகும். குழந்தைக்குச் சோறு வடிக்கலாம், பெரியவர்களுக்குப் பத்தியம் சமைக்கலாம். நல்ல யோசனைதான். அந்த வீட்டுக்குப் பணம் கட்டும் இடத்தில்தான் நம்மவர்கள் தவறான நம்பிக்கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பார்க்காத பொருளுக்குப் பணம் கொடுப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். ஆனால் அதற்கு முன்பே கடலடி முத்துப்பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டுவிடுவார்கள். அந்த மதிப்பு தெரிந்த பிறகுதான் குளிப்பு அறிவிக்கப்படும். கடலை அறிந்தவர்களே மாதிரி பார்க்காமல் பணத்தை இறக்கவில்லை.

“நம்ம ஊர்க்காரர் வீடு. நேரே அக்கவுண்டில் போட்டால் கமிஷன் மிச்சம்.”

அதிகம் பேரை ஏமாற்றும் நம்பிக்கை இதுதான். வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார். “அண்ணாச்சி, நான் ஆறுமுகநேரிதான், கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளாட் இருக்கு, பாதி அட்வான்ஸ் போட்டுவிடுங்க” என்பார். பக்கத்துக் காயல்பட்டினத்துக்கும் கொழும்புக்கும் தலைமுறை தலைமுறையாக வியாபார உறவு உண்டு. அதனால் அந்தப் பேச்சு நம்பும்படிதான் இருக்கும். சந்தேகம் கேட்டால் பாஸ்போர்ட் நகலை அனுப்புவார். அது அவருடையதுதானா என்று உங்களால் சொல்ல முடியாது. முன்பு ஏமாந்தவர் அனுப்பிய நகலே அடுத்தவரை ஏமாற்றப் பயன்படுவதுண்டு. வீட்டுப் படங்களும் அப்படித்தான். ஒரு படத்தை கூகுள் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே வரவேற்பறை வேறொரு நாட்டில், வேறொரு பெயரில் வாடகைக்கு நின்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

இடைத்தரகுத் தளத்துக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் நீங்கள் கட்டும் பணம் உடனே வீட்டுக்காரர் கைக்குப் போவதில்லை. நீங்கள் குடிபுகுந்து ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்தே தளம் அதை அவருக்கு விடுவிக்கிறது. வீடே இல்லை, சொன்னபடி இல்லை என்றால் 72 மணி நேரத்துக்குள் முறையிடலாம். அந்த முதல் 24 மணி நேரம் முடியும்வரை பணம் மூன்றாமவர் கையில் நிற்கிறது. நீங்கள் கட்டணம் கொடுப்பது அதற்காகத்தான். “தளத்தை விட்டு வெளியே வாருங்கள், குறைத்துத் தருகிறேன்” என்று ஒருவர் அழைத்தால், அந்தக் காவலை விட்டு வெளியே அழைக்கிறார் என்று பொருள். எல்லாத் தளங்களும் இப்படி இல்லை; சிலவற்றில் வீட்டுக்காரரே நேராக வசூலிக்கிறார். பணம் எப்போது யாருக்குப் போகும் என்பதைக் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

“யுபிஐ இப்போது இலங்கையிலும் உண்டு. அதில் அனுப்பினால் பாதுகாப்பு.”

பாதி உண்மை. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கைக் கடைகளில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நம் யுபிஐயில் பணம் கட்டலாம். அது கடையில் நின்று கட்டுவதற்கான வசதி. கொழும்பு வீட்டுக்காரர் என்று சொல்பவர் இந்திய செல்போன் எண்ணைக் கொடுத்து அதில் போடச் சொன்னால், பணம் போவது இந்திய வங்கிக் கணக்குக்கு. அந்தக் கணக்கு யாருடையது? ஏமாற்றுக்காரர்கள் அடுத்தவர் கணக்கைக் கூலிக்கு எடுத்துப் பயன்படுத்துவது வழக்கம். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தராது. வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பும் ஸ்விஃப்ட் பணமும் அப்படியே.

கிரெடிட் கார்டில் நிலைமை வேறு. சொன்ன சேவை கிடைக்காவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. ஒப்பந்தம், உரையாடல், ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்க வேண்டும். டெபிட் கார்டிலும் கேட்கலாம், ஆனால் முடிவு வரும்வரை போயிருப்பது உங்கள் சேமிப்பு.

“ஓடிபி வராமல் கார்டிலிருந்து பணம் போகாது.”

நம் நாட்டுக்குள் பெரும்பாலும் சரி. வெளிநாட்டுத் தளங்கள் பல, கார்டு எண்ணும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் இருந்தாலே பணத்தை எடுத்துவிடும். இதனால்தான் 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடியே வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வாடகை அளவுக்கு வரம்பு வைத்து, கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

“தளத்துக்குள்ளேயே வந்த செய்தி, அது பொய்யாக இருக்காது.”

2023இல் புக்கிங்.காம் பயனர்கள் பலர் இதில்தான் விழுந்தார்கள். திருடர்கள் ஓட்டல்களின் கணக்குகளுக்குள் புகுந்து, உண்மையாகப் பதிவு செய்தவர்களுக்கே செய்தி அனுப்பினார்கள். பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கும். “கார்டை உறுதி செய்யாவிட்டால் பதிவு ரத்தாகும்” என்று ஒரு லிங்க். தொட்டால் போலிப் பக்கம். பதிவு ரத்தாகுமா என்பதை, அந்த லிங்க்கைத் தொடாமல், நீங்களே செயலியைத் திறந்து பாருங்கள்.

உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நீங்கள் தட்டுவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் பூட்டுக்குப் பொருளில்லை. திருடனும் பூட்டு வைத்துக்கொள்ளலாம். 2023இல் குரோம் உலாவி அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

“சிங்கப்பூரில் சொந்தக்காரர் ஃபிளாட்டை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.”

உறவினரோடு விருந்தாளியாகத் தங்கலாம். வாடகைக்கு எடுக்க முடியாது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். அரசு வீடமைப்பான எச்டிபி வீடு என்றால் 6 மாதம். ஒரு வாரத்துக்கு என்று விளம்பரம் வந்தால் அது மோசடியாக இருக்கலாம், அல்லது சட்டவிரோதமாக இருக்கலாம். இரண்டிலும் குழந்தைகுட்டிகளோடு தெருவில் நிற்பது நீங்கள். துபாயில் விடுமுறை வீடுகளுக்கு துபாய் அரசின் சுற்றுலாத் துறை அனுமதி வேண்டும். அனுமதி எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

“போனது போனதுதான்.”

இல்லை. உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வெளியார் கார்டிலிருந்து பணம் எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் இழப்பு உங்களுடையது அல்ல என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஓடிபியை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் இழப்பு. அதற்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வழியுண்டு.

படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள், “வெளியே தெரிந்தால் அசிங்கம்” என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். திருடனுக்கு வேண்டியதும் அந்த இரண்டு நாள்தான். தயவுசெய்து அன்றைக்கே வங்கிக்கும் 1930க்கும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் போடப் போகிறவர் அவராக இருக்கலாம்.