ஆறாத வயிற்றெரிவும் இரைப்பைப் புற்றுநோயும்

சொந்த ஊருக்குத் திரும்பியதும் காணி துப்புரவாக்குவது, வீடு திருத்துவது, பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பது என்று வேலைகள் வரிசையாக நிற்கும். இவற்றுக்கிடையே வயிற்றெரிவைப் பற்றி யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. "கஸ்ரிக் தானே, ஒரு குளிசை போட்டால் சரி" என்று பலர் வருடக்கணக்காகச் சமாளித்து வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது ஆபத்தில் முடிவதில்லை. ஆனால் சிலருக்கு, நீண்டகாலம் ஆறாதிருக்கும் இரைப்பை அழற்சியே புற்றுநோய்க்கு வழி திறந்துவிடுகிறது. அந்த வழியை இடையில் அடைக்க முடியும். அது எப்படி என்பதே இந்தப் பாடம்.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, நோகும். கிருமியை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடல் செய்யும் வேலை இது. இதையே அழற்சி என்கிறோம். முள்ளை எடுத்துவிட்டால் சில நாட்களில் ஆறிவிடும். முள் உள்ளேயே இருந்தால் அழற்சியும் ஓயாது. இரைப்பையின் உட்சுவரிலும் இவ்வாறே நடக்கும்.

அங்கே முள்ளாக இருப்பது எது?

காரமும் கவலையும்தான் இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்று வைத்தியர்களும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரு வைத்தியர்கள், ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா இரைப்பையில் வாழ்வதை 1982இல் எடுத்துக்காட்டினார்கள். பலர் அதை நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி ஏற்பட்டது. 2005இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இல் அறிவித்தது.

இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் இறந்துவிடும். இந்தக் கிருமியோ தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தின் வலிமையைக் குறைத்துக்கொண்டு, உட்சுவரின் வழுவழுப்பான படைக்குள் புகுந்து வாழ்கிறது. சிகிச்சை செய்யாவிட்டால் வாழ்நாள் முழுவதும் இருக்கலாம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

அழற்சியிலிருந்து புற்றுநோய் வரை

1. உட்சுவரில் அழற்சி தொடர்ந்து இருக்கும்.
2. அமிலம் சுரக்கும் பகுதிகள் மெல்ல மெல்ல நலிந்துபோகும்.
3. இரைப்பையின் உட்சுவர் குடலின் உட்சுவரைப் போல மாறும்.
4. சில கலங்கள் ஒழுங்கற்று வளரும்.
5. அவற்றிலிருந்து புற்றுநோய் தோன்றலாம்.

பழுதான கலங்களுக்குப் பதிலாக உடல் ஓயாமல் புதிய கலங்களை உண்டாக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை எவ்வளவு கூடுகிறதோ, அதில் பிழை நேரும் வாய்ப்பும் அவ்வளவு கூடும். அந்தப் பிழைகள் சேர்ந்து வருவதே ஆபத்து.

இதற்குப் பல பத்து ஆண்டுகள் எடுக்கும். கிருமி உள்ள 100 பேரில் சுமார் 1 முதல் 3 பேருக்கே புற்றுநோய் வருகிறது. எனவே பயப்படத் தேவையில்லை. கவனமின்றி இருக்கவும் கூடாது. தொடக்கப் படிகளில் கிருமியை அழித்தால் ஆபத்து நன்றாகக் குறையும். மூன்றாம் படிக்குப் பின் அழித்தாலும் பயன் உண்டு; ஆனால் வைத்தியர் தொடர்ந்து பார்வையிட வேண்டும்.

ஆபத்தைக் கூட்டுபவை

புகைத்தலும் உப்பில் பதப்படுத்திய உணவை அதிகம் உண்பதும் ஆபத்தைக் கூட்டும். கருவாட்டை அடியோடு விடவேண்டியதில்லை. நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவிச் சமையுங்கள், தினமும் வேண்டாம். பெற்றோர், சகோதரர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பழைய காயத்துக்கும் மூட்டு நோவுக்கும் டைக்குளோபெனக் போன்ற குளிசைகளைச் சிலர் நாள்தோறும் போடுகிறார்கள். இவையும் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். வைத்தியரைக் கேட்காமல் தொடர்ந்து போடாதீர்கள். இருதய நோய்க்கென வைத்தியர் தந்த அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கிருமி பரவாமல் தடுப்பது

பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே, எச்சில், வாந்தி, மலம் பட்ட கைகள் மூலம் இது தொற்றுகிறது. நெருக்கமாக வாழும் இடங்களில் எளிதில் பரவும். ஆகவே:

• மலசலகூடம் சென்ற பின்பும், சமைக்கும் முன்பும், உண்ணும் முன்பும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.
• பிள்ளைக்கு உணவை மென்று கொடுக்காதீர்கள்.
• நீண்டகாலம் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.
• மலசலகூடம் கட்டி முடியும்வரை திறந்த வெளியைப் பாவிக்காமல், தற்காலிக மலசலகூடத்தையாவது பாவியுங்கள்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள்

• காரணமின்றி உடல் மெலிதல்
• தார் போன்ற கறுப்பு மலம் (இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், அதைப் போடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள்)
• இரத்த வாந்தி, அல்லது அடிக்கடி வாந்தி
• விழுங்கும்போது சிக்குதல்
• கொஞ்சம் சாப்பிட்டவுடனேயே வயிறு நிரம்பியது போலிருத்தல்
• இரத்தச்சோகை, தீராத களைப்பு

இவை இல்லாவிட்டாலும், வயிற்றெரிவோ மேல்வயிற்று நோவோ சில வாரங்களாக மாறாதிருந்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். நாற்பது வயதைக் கடந்தபின் புதிதாகத் தொடங்கினால் தாமதிக்கவே வேண்டாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் தயங்காதீர்கள். எத்தனை காலமாக நோ இருக்கிறது, என்னென்ன குளிசை போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெற்றுக் குளிசை அட்டையையும் கொண்டுபோகலாம்.

பரிசோதனையும் சிகிச்சையும்

மூச்சு, மலம் ஆகியவற்றைச் சோதித்துக் கிருமியைக் கண்டறியலாம். தேவையானால் பெரிய வைத்தியசாலையில் எண்டோஸ்கொப்பி செய்வார்கள். கமெரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி இரைப்பையைப் பார்ப்பதே அது. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் போன்ற குளிசைகள் சோதனை முடிவை மறைக்கக்கூடும். எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்று கேட்டறியுங்கள்.

கிருமி இருந்தால் இரண்டு அல்லது மூன்று வகைக் குளிசைகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்த்து, வழமையாக 10 முதல் 14 நாட்களுக்குத் தருவார்கள். மூன்றாம் நாளில் எரிவு குறைந்தாலும் கடைசிக் குளிசை வரை போடுங்கள். இடையில் விட்டால் தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். மிஞ்சிய குளிசையை அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. எங்கள் வீட்டில் யார் நீண்டகாலமாகக் கஸ்ரிக் குளிசை போடுகிறார்கள்? கடைசியாக எப்போது வைத்தியரிடம் காட்டினார்கள்?
2. மேலேயுள்ள அறிகுறிகளில் ஏதாவது யாருக்காவது உண்டா?
3. கை கழுவும் இடத்தில் நீரும் சவர்க்காரமும் இன்று இருக்கின்றனவா?

முதல் கேள்விக்கு ஒருவரின் பெயர் வந்தால், இந்த வாரமே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.