கோப்பு போய்ச் சேர்ந்தும் திறக்காதது ஏன்?

தபாலில் ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். அது கிழியாமல், நனையாமல், உரியவர் கையில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் உறையைப் பிரித்தவரால் அதைப் படிக்க முடியவில்லை! கடிதம் அவர் அறியாத மொழியில் இருந்தாலொழிய இப்படி நேராது அல்லவா? மின்னஞ்சலிலோ இது நாள்தோறும் நேர்கிறது. அதுவும் ஒரே மொழி பேசும் இருவருக்கிடையே, ஒரே ஊரில் இருப்பவர்களுக்கிடையே நேர்கிறது.

உங்கள் வயதினருக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 'ஏ.பி.' என்ற தேர்வுகளை நடத்துகிறது. அதில் நல்ல மதிப்பெண் பெற்றால் பல கல்லூரிகளில் சில பாடங்களை மீண்டும் படிக்க வேண்டியதில்லை. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மே மாதத்தில் இத்தேர்வுகள் வீட்டிலிருந்தே எழுதப்பட்டன. தாளில் விடை எழுதியவர்கள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, கடைசி 5 நிமிடங்களுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பலரிடம் இருந்தது ஐபோன். 2017 முதல் புதிய ஐபோன்கள் படங்களை 'எச்.இ.ஐ.சி.' என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. தேர்வுத் தளமோ 'ஜேபெக்', 'பி.என்.ஜி.' போன்ற பழகிய வடிவங்களையே ஏற்றது. படம் ஏறவில்லை, மணி ஓடிவிட்டது. நன்றாக எழுதிய சிலர் ஜூன் மாதத்தில் மீண்டும் தேர்வு எழுத நேர்ந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து, ஏற்ற முடியாதவர்கள் விடையை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று மாற்று ஏற்பாடு செய்தார்கள்.

விடையில் குறையில்லை. படம் தெளிவாகவே இருந்தது. கைப்பேசியும் பழுதாகவில்லை. பின் எதனால் இந்த இடர்? கோப்பு என்பது யாது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

கோப்பில் இருப்பவை எண்களே

கணிப்பொறியின் நினைவகத்தில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை, பாட்டும் இல்லை. மின்னேற்றம் உண்டு அல்லது இல்லை என்பது போன்ற இரு நிலைகளே உள்ளன. அவற்றை 1 என்றும் 0 என்றும் குறிக்கிறோம். இத்தகைய ஓரிடம் ஒரு பிட். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை வைக்கலாம். ஆகவே எந்தக் கோப்பும், அது உங்கள் கட்டுரையானாலும் தங்கையின் புகைப்படமானாலும், ஒரு நீண்ட எண்வரிசை மட்டுமே.

எண்ணை எழுத்தாக்குவது ஓர் உடன்பாடு. இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. அமெரிக்காவில் 1963இல் வெளியாகிப் பின்னர் திருத்தப்பட்ட 'ஆஸ்கி' என்னும் அட்டவணை அத்தகைய ஒன்று. அதில் 128 இடங்கள் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'க்கு 65. சிறிய எழுத்து 'எம்'முக்கு 109. தமிழுக்கு அங்கே இடமே இல்லை.

இடமில்லாத வீட்டில் நம்மவர்கள் எப்படிக் குடியேறினார்கள் என்பது சுவையான கதை. எழுத்துரு என்பது எண்ணைப் பார்த்துப் படம் வரையும் பட்டியல்தானே! 109 வந்தால் 'எம்' வரைவதற்குப் பதில் 'அ' வரையும்படி ஓர் எழுத்துருவைச் செய்துவிட்டால்? இப்படித்தான் பாமினி முதலிய பழைய தமிழ் எழுத்துருக்கள் உருவாயின. பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால் கோப்பில் சேர்வது 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து எண்கள். பாமினி உள்ள கணிப்பொறியில் 'அம்மா' தெரியும். இல்லாத கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகள் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று தெரியும். எண்களில் ஒன்றுகூட வழியில் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது அவற்றைப் படிக்கும் பட்டியல்.

ஒரே ஓர் எழுத்துரு இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பட்டியலை வகுத்தது. ஒருவர் அனுப்பியது மற்றவருக்குப் புரியாத நிலை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி, 'டாம்', 'டாப்' என இரு குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடு முறையைப் பின்பற்ற ஆணையிட்டது. ஆயினும் அதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட மலர்கள், ஆய்வேடுகள், ஊர் வரலாறுகள் பலவும் பழைய எழுத்துருக்களிலேயே வட்டுகளில் கிடக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியதுதான்.

திரையில் தாறுமாறாகத் தெரிந்தால் 'ஏதோ பிழை' என்றாவது அறிந்துகொள்வோம். சரியாகத் தெரிந்து பொருள் மாறினால் என்ன ஆவது? இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இதுவே பெரிய அச்சம். மைக்ரோமீட்டரைக் குறிக்க 'மியூ' என்ற கிரேக்க எழுத்தையும் அடுத்து 'எம்' என்ற எழுத்தையும் எழுதுகிறோம். 'சிம்பல்' என்ற எழுத்துருவில் இந்த மியூவுக்கு உள்ள எண்ணும் அதே 109! எழுத்துரு நீங்கி எண் மட்டும் மிஞ்சினால், மியூ நின்ற இடத்தில் 'எம்' வந்து நிற்கும். 5 மைக்ரோமீட்டர் 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு பிழை. பார்ப்பவர் கண்ணுக்கோ ஒரு குறையும் தெரியாது. மருந்துச் சீட்டில் மைக்ரோகிராம் இவ்வாறு மில்லிகிராம் ஆனால் விளைவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

யூனிகோடு செய்த உதவி

ஒரே எண்ணுக்குப் பல எழுத்துகள் போட்டியிட்டதுதான் தொல்லை என்றால், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுத்துவிடலாமே! 1991இல் முதல் பதிப்பு வெளிவந்த யூனிகோடு இதைத்தான் செய்தது. அதில் 'அ' 2949, 'ம' 2990, புள்ளி 3021, கால் 3006. கிரேக்க மியூவுக்கு 956. இனி மியூவும் எம்மும் ஒன்றையொன்று ஆள்மாறாட்டம் செய்ய முடியாது.

ஒரு கேள்வி எழும். பைட்டில் 255க்கு மேல் வைக்க இயலாதே, 2949ஐ எங்கே வைப்பது? இதற்கு 1992இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இரு அறிஞர்கள் 'யு.டி.எஃப். 8' என்ற முறையை வகுத்தனர். அதன்படி 'அ' மூன்று பைட்டுகளாகப் பிரிந்து 224, 174, 133 என்று எழுதப்படுகிறது. பாமினியில் 5 பைட்டுகளில் அடங்கிய 'அம்மா' இங்கே 15 பைட்டுகள் கொள்ளும். குழப்பம் நீங்குவதற்கு இது அதிக விலையன்று.

சில நேரங்களில் தமிழ் மடல் முழுவதும், தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' குறியும் மாறி மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இப்போது விளங்கும். பழைய ஐரோப்பியப் பட்டியலில் 224 என்பது அந்த 'ஏ'. 174 என்பது அந்த 'ஆர்'. அனுப்பியவர் யு.டி.எஃப். 8 முறையில் எழுதியதைப் பெற்றவரின் மென்பொருள் வேறு பட்டியலை வைத்துப் படித்துவிட்டது. எழுத்துகள் அழியவில்லை. மென்பொருளில் குறியீட்டு முறையை மாற்றிக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் தமிழ் திரும்பிவிடும்.

இணைப்பு எவ்வாறு பயணம் செய்கிறது?

மின்னஞ்சல் 1971இல் ரே டாம்லின்சன் முயற்சியில் பிறந்தபோது வெறும் ஆங்கில எழுத்துகளைத் தாங்கிச் செல்லவே அமைந்தது. படத்தையும் கோப்பையும் இணைத்து அனுப்பும் 'மைம்' விதிகள் 1992இல் வந்தன. ஆனால் வழியிலுள்ள பழைய கணிப்பொறிகள் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே நம்பிக்கையாகக் கடத்தும். அதற்காக ஒரு தந்திரம் செய்தார்கள். மூன்று பைட்டுகளில் 24 பிட்டுகள் உண்டு அல்லவா? அவற்றை ஆறு ஆறாக நான்கு கூறாக்கினால் ஒவ்வொன்றும் 0 முதல் 63 வரை ஓர் எண். 26 பெரிய எழுத்துகள், 26 சிறிய எழுத்துகள், 10 இலக்கங்கள், கூட்டல் குறி, சாய்கோடு என 64 குறிகளைக் கொண்டு அவற்றை எழுதிவிடலாம். நம் 'அ'வின் 224, 174, 133 என்பவை 56, 10, 58, 5 ஆகி, '4கே6எஃப்' என்ற நான்கு குறிகளாகப் பயணம் செய்யும். காகிதத்தில் போட்டுச் சரிபாருங்கள்; இரும எண் பாடத்துக்கு நல்ல பயிற்சி.

மூன்று நான்காவதால் இணைப்பின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மடல் முழுவதற்கும் 25 மெகாபைட் வரம்பு என்றால் உள்ளே வைக்கத்தக்க கோப்பு சுமார் 18 மெகாபைட்தான். 'கோப்பு 20தானே, ஏன் போகவில்லை?' என்று திகைப்பவர்களுக்கு விடை இதுவே.

யாருக்கு எதை அனுப்புவது?

கட்டுரைக் கோப்பில் எழுத்துகளோடு எழுத்தின் அளவு, பத்தி, அட்டவணை, படம் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளும் இருக்கும். அவற்றை எந்த வரிசையில், எவ்வாறு எழுதுவது என்ற உடன்பாடே கோப்பு வடிவம். மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருள் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டாக்' வடிவத்திலிருந்து 'டாக்எக்ஸ்' வடிவத்துக்கு மாறியபோது, பழைய பதிப்பு வைத்திருந்தவர்கள் தனியே ஒரு துணை மென்பொருளை நிறுவினாலன்றிப் புதியதைத் திறக்க முடியவில்லை. இன்று லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களும் டாக்எக்ஸைத் திறக்கின்றன. இருப்பினும் அக்கோப்பு வழக்கமாக எழுத்துருவைத் தன்னுடன் எடுத்துச் செல்வதில்லை. அதன் பெயரை மட்டுமே சொல்லும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேறொன்று வந்து அமரும். வரிகள் நகரும், பக்கம் கூடும், அட்டவணை உடையும்.

1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப். இக்குறையைப் போக்கவே பிறந்தது. 2008இல் அது உலகத் தர நிர்ணய அமைப்பின் தரமும் ஆயிற்று. இன்ன இடத்தில் இன்ன வடிவத்தை வரை என்று அது சொல்கிறது. எழுத்துருவையும் உள்ளேயே வைத்துக்கொள்ள முடியும். ஆகவே விண்ணப்பம், போட்டிக் கட்டுரை, வினாத்தாள் என மாற்றமின்றிப் படிக்கப்பட வேண்டியவற்றைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதே முறை. பெறுபவர் திருத்த வேண்டும், சேர்த்து எழுத வேண்டும் என்றால் அது உதவாது. அவரிடம் உள்ள மென்பொருளைக் கேட்டறிந்து அதற்கேற்ற வடிவத்தில் அனுப்புங்கள். இரண்டையும் இணைத்து அனுப்புவதிலும் தவறில்லை. தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடிலோ 'க' முதலில், கொம்பு பின்னால். வரையும் வரிசையை மட்டும் வைத்திருக்கும் பி.டி.எஃப்.-இலிருந்து நகலெடுத்தால் எழுத்துகள் இடம் மாறி வருவது இதனால்தான். அச்சுக்கு வெட்டி ஒட்ட வேண்டிய பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவது எளிதுதான். ஆனால் அதில் சொல் தேட முடியாது. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளாலும் அதை அப்படியே படிக்க இயலாது. இரண்டு பத்திச் செய்திக்கு இணைப்பே வேண்டாம். மடலிலேயே எழுதிவிடுங்கள்.

கோப்பின் பெயருக்குப் பின்னுள்ள ஒட்டை மாற்றினால் வடிவம் மாறிவிடும் என்று நினைப்பவர் பலர். அரிசி டப்பாவில் 'பருப்பு' என்று சீட்டு ஒட்டுவது போன்றது அது. மாற்ற வேண்டுமானால் மென்பொருளில் திறந்து, 'வேறு வடிவத்தில் சேமி' அல்லது 'ஏற்றுமதி' என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

இதை நேரிலேயே காணலாம். ஏதேனும் ஒரு பி.டி.எஃப். கோப்பை நகல் எடுத்து, அந்த நகலை நோட்பேடு போன்ற எளிய மென்பொருளில் திறந்து பாருங்கள். முதலில் ஒரு விழுக்காட்டுக் குறியும் பி.டி.எஃப். என்ற எழுத்துகளும், அதாவது 37, 80, 68, 70 என்ற எண்கள், நிற்கும். டாக்எக்ஸ் கோப்பில் முதல் இரண்டு எழுத்துகள் 'பி', 'கே'. இவை 'ஜிப்' என்னும் சுருக்குக் கோப்பு முறையை வகுத்த ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள். டாக்எக்ஸ் என்பது உண்மையில் பல சிறு கோப்புகளைக் கட்டிவைத்த ஜிப் மூட்டைதான். ஒட்டை எப்படி மாற்றினாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். நோட்பேடில் சேமித்தால் அந்த நகல் பிறகு திறக்காமல் போகலாம்.